பெட்டிக்குள் இருப்பது சினையா, இரையா?

கண்ணாடிப் புடையன் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். ஓர் ஈற்றில் 20 முதல் 40 குட்டிகள் சாதாரணம். 60ஐத் தாண்டிய பதிவுகளும் உண்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கத்து வயல்வாடியில் பிடிபட்ட தடித்த புடையன் ஒன்றை, விடிந்ததும் காட்டில் விடலாம் என்று வாளியில் போட்டு, மூச்சு விடுவதற்காக மூடியில் விரல் நுழையும் துளைகள் இட்டு வைத்தவர், விடிந்தபின் அந்த வாளிக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு போகாமலிருப்பது நல்லது. பிறந்த குட்டியின் நீளம் 21 முதல் 26 சென்ரிமீற்றர். அந்தத் துளை அதற்குத் தாராளம். நஞ்சு பிறக்கும்போதே இருக்கிறது.

பாம்பு சினையா என்ற கேள்வி நம் பகுதியில் பெரும்பாலும் இப்படித்தான் எழுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாம்பு வளர்ப்பு ஒரு பொழுதுபோக்கு. பணம் புரளும் வியாபாரமும்கூட. அங்கே ஒவ்வொரு பாம்பின் எடை, கடைசியாக இரை தின்ற நாள், சட்டை உரித்த நாள், எந்த ஆணோடு எப்போது சேர்த்து விட்டார்கள் என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கும். இங்கே, இலங்கையில், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பாம்பை அனுமதியின்றிப் பிடித்து வைத்திருப்பது குற்றம். ஆகவே மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ அடைபட்ட பாம்பு என்றால், வீட்டுக்குள்ளோ வயலிலோ பிடிபட்டு விடுவிப்புக்குக் காத்திருக்கும் பாம்பாகவே பெரும்பாலும் இருக்கும். அக்கரைப்பற்றுக்கு அண்மையிலுள்ள அளிக்கம்பையில் வாழும் வனக்குறவர் சமூகத்தவர் தலைமுறைகளாக நாகத்தைக் கூடையில் வைத்து மகுடி ஊதியவர்கள்; அவர்களுடைய நாகங்களும் வெளியில் பிடித்தவைதான். இந்தப் பாம்புகள் எதற்கும் குறிப்பேடு கிடையாது. எப்போது இணைந்தது, எப்போது தின்றது என்று சொல்ல ஆளில்லை. உடம்பையும் நடத்தையையும் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

அப்படிப் பார்ப்பவர்கள் வழக்கமாக ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். வயிறு பெருத்திருக்கிறது, ஆகவே சினை. இரை எடுக்க மறுக்கிறது, ஆகவே சினை. இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டதைப் பார்த்தோம், ஆகவே சினை. இவற்றில் ஒன்றாவது தனியாக நின்று எதையும் நிறுவாது. பாம்பின் சினையைக் காட்டுவது அடையாளங்கள் வரும் வரிசை: முதலில் கொழுப்பு, பிறகு கருமுட்டை வளர்ச்சி, இணைதல், கருமுட்டை வெளியேற்றம், ஒரு சட்டை உரிப்பு, கடைசியில் முட்டையோ குட்டியோ. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் பாம்பு நிற்கிறது என்று கேட்டால்தான் பெருத்த வயிற்றுக்கும் பட்டினிக்கும் பொருள் பிறக்கும்.

சேமிப்பு இல்லாமல் சினை இல்லை

வெளிநாட்டு வழிகாட்டிகளில் பெரும்பகுதி இரண்டு இனங்களைச் சுற்றியே எழுதப்பட்டவை. ஒன்று மேற்கு ஆபிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. மற்றது வட அமெரிக்காவின் சோளப் பாம்பு. பெண் பந்து மலைப்பாம்பு 1,500 கிராம் எடையும் மூன்று வயதளவும் எட்டிய பிறகே இணைக்கலாம், பெண் சோளப் பாம்புக்கு 300 கிராம் வேண்டும் என்பது வளர்ப்போரின் கைக்கணக்கு. அந்த இனங்களுக்கு அது சரி. அதே எண்ணை எடுத்து நம் சாரைக்கோ புடையனுக்கோ பொருத்துவது வீண் வேலை. கண்ணாடிப் புடையன் இரண்டு, மூன்று வயதில் பருவமடைகிறது. சினையான பெண் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்துக்குக் குறைவாக இருப்பது அரிது. எனவே இரண்டடி நீளப் புடையன் ஒன்று உருண்டு திரண்டு கிடந்தால் அது எலியைத் தின்றிருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும்.

எல்லா இனத்துக்கும் பொருந்துவது எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் காரணம்தான். பெண் பாம்பு முதலில் சேர்த்து, பிறகு செலவழிக்கும். வயிற்றுக்குள் நீளவாக்கில் கொழுப்புப் பட்டைகள் இருக்கின்றன. இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது ஈஸ்ட்ரஜன் சுரப்பு கூட, ஈரல் அந்தச் சேமிப்பை எடுத்து மஞ்சட்கருவுக்கான புரதமாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. இரத்தத்தில் கல்சியம் அளவும் ஏறுகிறது. சேமிப்பு ஒரு மட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்த ஆண்டு கருமுட்டை வளர்ச்சியே தொடங்காது. பிரான்சில் ஆஸ்ப் விரியன்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள்: உடற்கட்டு போதாத பெண், ஆண் பக்கத்தில் இருந்தாலும், ஆண்டைத் தவறவிடுகிறது. பல பெண் பாம்புகள் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் ஈனுகின்றன என்பதற்கு இதுவே விளக்கம்.

உடற்கட்டைப் பார்க்க எளிய வழி உண்டு. பாம்பின் நடுப்பகுதியில் முதுகெலும்பு கூரைமுகடு போல் துருத்திக்கொண்டு, இரு புறமும் சரிந்திருந்தால் அது மெலிந்த பாம்பு; சினைக்குத் தயாரில்லை, அல்லது அண்மையில் முட்டையிட்டு ஓய்ந்தது. முதுகு வட்டமாகத் திரண்டு, பக்கங்கள் இறுகி இருந்தால் சேமிப்பு இருக்கிறது. வளைந்து திரும்பும்போது தோல் மடிப்பு மடிப்பாக விழுந்து, வால் அடியிலும் கொழுப்புத் தொங்கினால் அது கொழுத்துப்போன பாம்பு. காட்டுப் பாம்பில் இது அபூர்வம். கூண்டில் வாராவாரம் எலி கொடுத்து வளர்த்ததில் சகஜம். கொழுத்த பெண்ணைத் தயாரான பெண் என்று எண்ணுவது வளர்ப்போரின் பெரிய தவறு. முட்டை வெளிவராமல் உள்ளேயே தங்கிப்போவது அதிகம் நேர்வது இவற்றில்தான்.

அடுத்தது பருவம். குளிர்நாட்டுப் பாம்புகளுக்குக் குளிர்காலம் ஒரு கடிகாரம். சோளப் பாம்பை இரண்டு மூன்று மாதங்கள் குளிரில் வைத்து எடுத்தால் இணையத் தயாராகும். கிழக்கு மாகாணத்தில் அப்படி ஒரு குளிர் கிடையாது. இங்கே ஆண்டைப் பிரிப்பது மழை. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டுகிறது. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வெள்ளாமை வெட்டு. பிறகு நீண்ட வெயில். வெள்ளாமை விளையும் காலத்தில் எலி பெருகுகிறது, எலியோடு பாம்பின் சேமிப்பும் பெருகுகிறது. தென்னாசியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கண்ணாடிப் புடையன் ஆண்டின் முற்பகுதியில் இணைகிறது. சினைக்காலம் ஆறு மாதத்துக்கு மேல். குட்டிகள் மே முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் ஜூன், ஜூலையில் பிறக்கின்றன. ஆனால் சினைப் புடையன் எந்த மாதத்திலும் அகப்படலாம் என்பதும் பதிவான உண்மை. நாட்காட்டியைக் காட்டி "இது சினைக்காலம் இல்லை" என்று அடித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

நடனம் ஆடுவது யார்?

நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த காட்சி: இரண்டு பெரிய பாம்புகள் வரப்பிலோ வேலியோரத்திலோ முன்னுடலை உயர்த்தி, ஒன்றையொன்று பின்னி, விழுந்து, மீண்டும் எழுகின்றன. சாரையும் நாகமும் பிணைகின்றன என்பார்கள். சாரைதான் நாகத்தின் ஆண் என்ற நம்பிக்கையும் பழையது. நாகதம்பிரான் கோயில்களின் நாகக்கற்களில் இரட்டைப் பாம்புகள் பின்னி நிற்கும் வடிவத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது தெய்வத் திருமணமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

உயிரியல் வேறு சொல்கிறது. சாரையும் நாகமும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஆணும் பெண்ணும் தத்தம் இனத்திலேயே உண்டு. நாகம் வாய்ப்புக் கிடைத்தால் சாரையைத் தின்னவும் செய்யும். அந்த எழும்பி விழும் ஆட்டம் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். ஒன்றன் தலையை மற்றது தரையில் அழுத்தப் பார்க்கிறது. தோற்றது விலகிப் போகிறது. உண்மையான இணைதல் பார்ப்பதற்குச் சுவாரஸ்யமற்றது. ஆண் பெண்ணின் முதுகின் மேல் நாடியை உரசியபடி ஊர்ந்து, சிறு துடிப்புகளோடு ஒட்டிப் படுத்து, வாலை வாலோடு சுற்றுகிறது. பெண் இசைந்தால் வாலைச் சற்று உயர்த்தி, கழிவுக்கும் இணைதலுக்கும் பொதுவான துளையான கழிவாயைத் திறக்கிறது. பிறகு இரண்டும் மணிக்கணக்கில் ஏறத்தாழ அசைவின்றிக் கிடக்கும்.

ஆகவே "நடனம்" ஆடிய இரண்டில் ஒன்றைப் பிடித்து வந்து சினைப் பாம்பு என்பது தவறு, பிடித்தது ஆண். எனினும் அந்தச் சண்டை வேறொரு செய்தி தருகிறது. பருவம் நடக்கிறது, பெண் பெரும்பாலும் அண்மையில் எங்கோ இருக்கிறது.

பெண் தயார் என்பதை மனிதக் கண்ணைவிட ஆண் பாம்பின் நாக்கே நன்றாக அறியும். கருமுட்டை வளரும் பெண்ணின் தோலில் ஒருவகைக் கொழுப்புப் பொருள் ஊறுகிறது. அது ஊர்ந்த தடத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிளவுபட்ட நாக்கால் ஆண் அதைத் தொட்டு, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பில் வைத்து, எந்தப் பக்கம் போயிருக்கிறாள் என்றுகூட அறிந்துவிடுகிறது. கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் ஆயிரக்கணக்கில் கூடும் கார்ட்டர் பாம்புகளில் இந்த வேதிப்பொருள்களை 1989இல் அடையாளம் கண்டார்கள். அதே பாம்புகளில் பெண் வாசனையை வீசி மற்ற ஆண்களை ஏமாற்றும் சில ஆண்களும் இருப்பது ஒரு வேடிக்கை. கூண்டில் ஆண் பாம்பு இரையை மறுத்து, இரவு முழுவதும் சுவரோரமாக அலைந்தால் அது நோயாக இல்லாமல் பருவமாக இருக்கலாம். பெண் புதிதாகச் சட்டை உரித்த கையோடு இந்த வாசனை பலமாக வருவதால், அந்த உரித்த சட்டையை ஆணின் பெட்டிக்குள் போட்டுத் தூண்டும் பழக்கமும் வளர்ப்போரிடம் இருக்கிறது.

இவ்வளவுக்கும் முன்னால் கையிலிருப்பது பெண்தானா என்று தெரிய வேண்டுமே. ஆணின் இரண்டு குறிகளும் கழிவாய்க்குப் பின்னால் வாலுக்குள் மடிந்து கிடப்பதால், ஆண் வால் நீளமாகவும் அடியில் தடித்துப் பிறகு மெல்ல ஒடுங்குவதாகவும் இருக்கும். பெண் வால் குறுகியது, கழிவாய்க்குப் பின் சட்டென்று ஒடுங்கும். மலைப்பாம்புகளில் கழிவாயின் இரு புறமும் நகம்போன்ற முள் உண்டு. பழைய பின்கால்களின் எச்சம். ஆணில் அது பெரிது. மெல்லிய உலோகக் கம்பியை வாலுக்குள் செலுத்தி அளக்கும் முறையும் இருக்கிறது. பயிற்சியில்லாதவர் கையில் அது பாம்பைக் கிழிக்கும். சினையாக இருக்கலாம் என்று சந்தேகிக்கும் பாம்பில் அதைச் செய்யவே கூடாது.

வரிசையை வாசித்தல்

மிக நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட வரிசை பந்து மலைப்பாம்பினுடையது. நம் மலைப்பாம்புக்கும் பிற இனங்களுக்கும் நாட்கணக்கு மாறும். வரிசை பெரிதும் மாறாது.

கருமுட்டைகள் வளரத் தொடங்கும்போது பெண் நன்றாகத் தின்னும். வழக்கமாக வெப்பத்தில் கிடப்பது, குளிர்ந்த மூலையைத் தேடும்; தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு படுக்கும். உடலின் நிறம் சற்றே வெளிறித் தெளியும். பிறகு ஒரு கட்டத்தில் தீனி நின்றுவிடும். கருமுட்டை வெளியேறும் நாளில் உடலின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், பெரிய இரையை விழுங்கியது போன்ற இறுகிய வீக்கம் ஒன்று தோன்றும். அது ஒரு நாளளவுக்கு மேல் நில்லாது, பார்க்காதவர் தவறவிடுவார். தின்னாத பாம்பில் இந்த வீக்கம் வந்து போனால் அதுவே மிகப் பலமான அடையாளம். தின்ற பாம்பில் வந்தால் எதையும் சொல்ல முடியாது.

அதன்பின் பாம்பு எதிர்மாறாகிறது. குளிரைத் தேடியது இப்போது வெப்பத்தைத் தேடும். வயிற்றை மேலாகத் திருப்பி, பாதி மல்லாந்து கிடக்கும்; முதன்முறை பார்ப்பவர் செத்துவிட்டது என்று பதறுவார். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சட்டை உரிப்பு வரும். முட்டைக்கு முந்திய இந்தச் சட்டைதான் நாள் குறிக்க உதவும் நங்கூரம். பந்து மலைப்பாம்பில் அதிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் முட்டை; சோளப் பாம்பில் ஒன்று, இரண்டு வாரத்திலேயே. குட்டி ஈனும் போவாவில் கருமுட்டை வெளியேறிய பின் உரியும் சட்டையிலிருந்து 100 முதல் 120 நாட்கள். எனவே "சட்டை உரித்துவிட்டது, இனி எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு இனத்தின் பெயர் தெரியாமல் விடை கிடையாது. பாம்பு சாதாரணமாகவும் சட்டை உரிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பட்டினி, வெப்பம் தேடல், பின்னுடல் வீக்கம் இவற்றோடு சேர்ந்து வரும் உரிப்புக்கே இந்தப் பொருள்.

குட்டி ஈனும் பாம்புகளில் வரிசை மெதுவாக நகர்கிறது. கண்ணாடிப் புடையன் மட்டுமல்ல, சுருட்டை விரியன், பச்சைப் பாம்பு, மண்ணுளிப் பாம்பு, வாவியின் கண்டல் சேற்றில் திரியும் நாய்முக நீர்ப்பாம்பு, கரைவலையில் மீனோடு வந்து சேரும் கடற்பாம்புகள் எல்லாம் குட்டி ஈனுபவை. மறுபக்கம் நாகம், கட்டுவிரியன், சாரை, மலைப்பாம்பு, வயல்களில் காணும் தண்ணீர்ப் பாம்பு ஆகியவை முட்டையிடுபவை. நாகம் பொதுவாக 12 முதல் 30 முட்டைகள் இடும். மலைப்பாம்பு 100 வரைகூட. குட்டி ஈனும் பெண்ணுக்குத் தன் உடலே அடைகாக்கும் இடம். ஆகவே மாதக்கணக்கில் வெயில் காய்ந்து, நகராமல், தின்னாமல் கிடக்கிறது. வழக்கத்தைவிட மந்தமாக, ஒரே இடத்தில் பல நாள் காணப்பட்ட தடித்த புடையன் என்று வாடிக்காரர் சொன்னால் அந்தத் தகவல் பிடித்தபின் செய்யும் எந்தப் பரிசோதனையையும்விடப் பெறுமதியானது. பிடிக்கப் போகிறவர்கள் அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, இரையா சினையா என்ற நேரடிக் கேள்வி. இரைப்பை உடலின் நடுப்பகுதியில் இருக்கிறது. விழுங்கிய எலி அங்கே ஒற்றை மேடாகத் தெரியும், நாளுக்கு நாள் சிறுத்து, ஒரு வாரம் பத்து நாளில் மறைந்துவிடும். முட்டைகளும் குட்டிகளும் உடலின் பிற்பாதியில், கழிவாய்க்குச் சற்று முன்வரை, நீண்ட வீக்கமாகப் பரவுகின்றன. அந்தப் பகுதியில் செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி இடையில் தோல் தெரியும். முதுகெலும்பின் இரு புறமும் பள்ளம் விழுந்து, தசை மெலிந்து, கீழ்ப்பகுதி மட்டும் கனத்திருக்கும்; முன்பாதி மெலிந்தும் பின்பாதி பெருத்தும் இருக்கும் பாம்பை இரை தின்றது என்று சொல்ல முடியாது. கொழுப்பாக இருந்தால் வீக்கம் சீராக வால் அடிவரை தொடரும். கழிவாயை ஒட்டிய ஒற்றைக் கட்டி என்றால் மலச்சிக்கலாக இருக்கலாம், புற்றுக்கட்டியும் இருக்கலாம்.

தொட்டுப் பார்ப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். நஞ்சற்ற பாம்பை விரல்களின் மேல் தானாக ஊர விட்டால் முட்டைகள் வரிசையாக இடறிச் செல்வதை உணரலாம் என்பது உண்மை. அழுத்தித் தேடினால் கருமுட்டை உடைந்து வயிற்றுக்குள் சிந்தும். அது உயிருக்கு ஆபத்து. நஞ்சுள்ள பாம்பில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2016இல் வெளியான, இலங்கை முழுவதையும் தழுவிய வீட்டுக் கணக்கெடுப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகளும் 400க்கு மேற்பட்ட இறப்புகளும் என்று மதிப்பிட்டது. சினையா என்று தடவிப் பார்க்கப் போய் அந்தக் கணக்கில் இன்னொன்றைக் கூட்ட வேண்டியதில்லை. உறுதி வேண்டுமானால் ஸ்கான் இருக்கிறது: கருமுட்டைகளின் விட்டத்தை அளக்கலாம், பிந்திய கட்டத்தில் குட்டியின் இதயத் துடிப்பையும் காணலாம். எக்ஸ்ரே அவ்வளவு உதவாது. பாம்பு முட்டையின் ஓடு தோல் போன்றது, கல்சியம் குறைவு. படத்தில் மங்கலாகவே விழும். குட்டிகளின் எலும்பு உறைந்த பிறகு குட்டி ஈனும் இனங்களில் பயன்படும்.

ஆண் இல்லாமலும்

"பிடித்து ஒரு வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறது, சினையாக வழியில்லை" என்பது கேட்பதற்கு நியாயமான வாதம். பாம்புகளிடம் அது செல்லாது. பெண் பாம்பு விந்தைக் கருக்குழாயின் மடிப்புகளில் சேமித்து வைத்து, வேண்டும்போது பயன்படுத்தும். ஐந்து ஆண்டுகள் தனியே வைத்திருந்த அமெரிக்கக் கிலுகிலுப்பை விரியன் ஒன்று குட்டிகள் ஈன்றதும், மரபணுச் சோதனை அவற்றுக்குத் தந்தை உண்டு என்று காட்டியதும் 2011இல் பதிவாயின.

தந்தையே இல்லாத பிறப்பும் நடக்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரிலுள்ள ஒரு கல்லூரியில் ஆண் என்று நம்பி "ரொனால்டோ" என்று பெயரிட்டு வளர்த்த பிரேசில் வானவில் போவா, பல ஆண்டுகள் தனியாக இருந்தபின் 2024இல் 14 குட்டிகளை ஈன்றது. இவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. பூச்சாடி மண்ணைக் கிளறும்போது மண்புழு என்று நாம் எண்ணும் சின்னக் குருட்டுப் பாம்பு இனம் முழுவதும் பெண்களே. ஆண் தேவைப்படாமலே உலகெங்கும் பூச்சாடிகளில் பரவியிருக்கிறது.

சினை என்று முடிவானால்

காட்டுப் பாம்பாக இருந்தால் வைத்திருக்கக் கூடாது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து, பிடித்த இடத்துக்குக் கூடியவரை அண்மையில், அதே நாளில் விடுவிக்கச் செய்வது நல்லது. அம்பாறை மாவட்டத்து லாகுகலைக் காடு பெரிதென்று மட்டக்களப்பிலிருந்து அங்கே கொண்டுபோய் விடுவது அன்பாகத் தோன்றும். ஆனால் இடம் தெரியாத பாம்பு பொந்தும் வெயிலும் தேடி அலையும். சினைப் பாம்புக்கு அலைவதற்கான சேமிப்பு மிச்சமில்லை. விடுவிக்கும்வரை துணிப்பையில் வைக்க வேண்டாம். பையில் ஈனினால் முட்டைகள் நசுங்கும், குட்டிகள் மூச்சுத் திணறும். துளைகள் எலிக்குஞ்சும் நுழையாத அளவில் இருக்கும், இறுக மூடிய பெட்டியே பொருத்தம். உள்ளே ஆழமான தண்ணீர்ப் பாத்திரம் கூடாது. ஈரமான இடம் வேறு இல்லையென்றால் தண்ணீருக்குள்ளேயே முட்டையிடும், முட்டைகள் மூழ்கிச் சாகும்.

அதற்குள் முட்டையிட்டுவிட்டால், அவற்றை உருட்டவே கூடாது. கோழி தன் முட்டையை நாளுக்குப் பல முறை புரட்டுகிறது, புரட்டாவிட்டால் கெடும். பாம்பு முட்டையில் நேர் எதிர். இட்ட ஒரு நாளுக்குள் கரு மேலோட்டோடு ஒட்டிக்கொள்கிறது, அதன்பின் தலைகீழானால் இறந்துவிடும். அடித்தளம் வெட்டும்போதோ கல்குவியலை இழுக்கும்போதோ கிடைக்கும் முட்டைகளுக்கும் இதே விதி: மேற்புறத்தில் பென்சிலால் ஒரு கோடிட்டு, அந்த நிலையிலேயே எடுத்து, ஈரமான மணலிலோ தும்பிலோ அரைவாசி புதைத்து நிழலில் வைக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம். இருட்டில் பின்னாலிருந்து வெளிச்சம் பிடித்தால் உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் தெரியும். கூழ்முட்டை மஞ்சளாக, வெறுமையாக இருக்கும். நாக முட்டை பொரிக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிக் கிடந்து, தசைகளைத் துடிக்கச் செய்து வெப்பம் உண்டாக்குகிறது. 1841இல் பாரிஸில் முதன்முதலாக வெப்பமானி வைத்து அளந்தார்கள். 1966இல் நியூயோர்க்கில் செய்த அளவீடுகள் துடிப்பு கூடக்கூட வெப்பம் ஏறுவதை உறுதிப்படுத்தின. முட்டையைச் சுற்றி நடுங்கும் மலைப்பாம்புக்குக் காய்ச்சல் என்று யாரும் மருந்து தேட வேண்டியதில்லை.

கடைசியாக, முட்டையிடத் தொடங்கிப் பாதியில் நின்றுபோகும் பாம்பு. சில முட்டைகள் வந்தபின் இரண்டு நாள் கடந்தும் மற்றவை வராமல், கழிவாய்க்கு முன்னால் கட்டி தெரிந்தால் முட்டை தங்கிவிட்டது என்று பொருள். நீர் வற்றியது, வெப்பம் போதாதது, கொழுப்பு, கல்சியக் குறைவு, ஒதுங்க இடமில்லாத பதற்றம், அளவுக்கு மிஞ்சிய ஒற்றை முட்டை என்று காரணம் பல. கையால் பிதுக்கினால் கருக்குழாய் கிழியும். முட்டையை வெளித்தள்ளத் தூண்டுவதற்குப் போடும், ஆமைகளுக்கு நன்றாக வேலை செய்யும் ஒக்சிரோசின் ஊசி பாம்புகளில் பல நேரம் பலனளிப்பதில்லை. ஊசியால் முட்டையின் உள்ளடக்கத்தை உறிஞ்சிச் சுருக்கி எடுப்பதும், அது முடியாதபோது சத்திரசிகிச்சையும் கால்நடை மருத்துவரின் வேலை. செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதி கால்நடை மருத்துவ பீடம் இருக்கும் பேராதனையில் போய் முடிகிறது என்பது ஒரு வசதிதான். ஆனால் பதுளை மலை ஏறி இறங்கும் அந்த நீண்ட வழியில், குளிரூட்டிய வாகனத்துக்குள், ஏற்கெனவே களைத்த பாம்பின் உடல் குளிர்ந்து தசை இன்னும் சோரும். முதல் நாளிலேயே உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அனுப்ப வேண்டுமா என்று கேட்டு, அனுப்புவதானால் பெட்டிக்குள் 28 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.